ஏலக் கூட்டத்தில் நான் போட்ட சத்தம்

கடலைப் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான வருஷத்திலிருந்தே என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். சிவகாசியிலிருந்து தூத்துக்குடி அப்படியொன்றும் தூரமில்லை. நான் அச்சகத்தில் மிஷின் ஓட்டினேன்; அவள் வெடி கம்பெனியில் சரம் பின்னினாள். இருவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் நான் தூங்கிவிடுவேன்.

எங்கள் தெருவில் ஒன்றிரண்டு பேரிடம் மட்டும் செல்போன் வந்திருந்த சமயம். அந்த மார்கழியில் தூத்துக்குடிக் கடை ஒன்றுக்குக் காலண்டர் லோடு போயிற்று. கூடப் போய் இறக்கிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார் முதலாளி. வேனின் முன் சீட்டில் இடமிருந்தது. அவளையும் ஏற்றிக்கொண்டேன்.

விடிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

“கடை தொறக்க இன்னும் நேரம் கெடக்குண்ணே,” என்றார் டிரைவர். “மீன் வந்து எறங்குறதப் பாப்போமா? மதினிக்கும் கடலக் காட்டுன மாதிரி இருக்கும்.”

கரையில் வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. எங்கள் தெருவுக்கு மீன் வருவது சைக்கிளில், ஐஸ் பெட்டிக்குள், கண் சிவந்துபோய். இங்கே மணலில் கொட்டிய மீன்கள் செவுளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. “உசுரோட இருக்குங்க!” என்று அவள் என் கையைப் பிடித்து உலுக்கினாள். நானும் டிரைவரும் டீ குடிக்க ஒதுங்கினோம். அவள் ஏலம் நடந்த கூட்டத்துக்குள் போய் நின்றாள்.

அந்த நேரம் இரண்டு பேர் ஒரு பெரிய திருக்கையை இழுத்துக்கொண்டு போனார்கள். அதைக் காட்டத்தான் அவள் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். “ஏங்க, இங்கன வாங்க! எம்புட்டுப் பெருசு பாருங்க!”

ஏலம் விட்டவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டார். “அம்மாவுக்கு!” என்று முடித்துவிட்டு அடுத்த குவியலுக்கு நகர்ந்தார். ஒரு கூடை விளமீன் அவள் காலடிக்கு வந்தது. அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை.

“அறிவிருக்கா ஒனக்கு? கூட்டத்துல கையத் தூக்குவாளா ஒருத்தி? ஒன்னயெல்லாம் வெளிய கூட்டியாந்தேன் பாரு, என்னச் சொல்லணும்!”

சிரித்தவர்கள் சட்டென்று அடங்கிவிட்டார்கள். ஏலம் விட்டவரே பக்கத்தில் வந்தார். “ஏன் சத்தம் போடுறீங்க? தெரியாம நடந்தது. மறுபடி ஏலம் விட்டாப் போச்சு,” என்றார். அடுத்த நிமிஷமே அந்தக் கூடையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். மீன் வாங்க வந்திருந்த ஒரு வயதான அம்மா, தன் கூடையிலிருந்து இரண்டு மீனை எடுத்து நீட்டினாள். “கொழம்பு வையி தாயி. மனசுல வச்சுக்காத.”

“வேண்டாம்மா,” என்று சொல்லிவிட்டு என் மனைவி வேனை நோக்கி நடந்தாள்.

சூரியன் எழும்போது கடல் முழுக்கச் சிவந்தது. அவள் சாலைப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

“கடலப் பாரு,” என்றேன்.

“பாத்துட்டேன்.”

ஊருக்குத் திரும்பியதும் கூட வேலை பார்க்கும் பெண்கள் சூழ்ந்துகொண்டு விசாரித்தார்கள். “நல்லாருந்துச்சு,” என்றாள். என்னை விட்டுக்கொடுக்காமல் அவள் பேசியதை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன்பின் இரண்டு முறை தூத்துக்குடிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். “நீங்க போய்ட்டு வாங்க, எனக்குச் சோலி கெடக்கு,” என்பாள், கோபமே இல்லாமல். சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது பேசியிருப்பேன். தப்பு என்னுடையதுதான் என்று ஒரு வார்த்தை சொல்ல, இத்தனை வருஷமாகியும் எனக்கு வாய் வரவில்லை.