ஒரே பார்க்கிங், இரண்டு கார்

ஈர சிமெண்ட் வாசனையும், ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரை யாரோ உதைத்துக்கொண்டே இருக்கும் சத்தமும்... மாடம்பாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த அபார்ட்மெண்டில் காலை அப்படித்தான் விடியும்.

அங்கே ஒரே பார்க்கிங் இடத்தை பில்டர் இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒருவர் பேங்கில் வேலை பார்த்த பாஸ்கர் சார். இன்னொருவர் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போன சரவணன். இருவரிடமும் பேப்பர் இருந்தது. பில்டர் மட்டும் போனை எடுக்கவே மாட்டார்.

சுவர் ஓரமாக நீளமான இடம். ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு கார் நிற்கும். ஆனால் பின்னால் இருப்பதை எடுத்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். அதனால் யார் முதலில் நிறுத்துகிறார்களோ அவர்களுக்கே இடம், மற்றவருக்குத் தெரு. தினமும் முறைப்பு. பிறகு பேச்சே நின்றுபோனது.

ஒரு நாள் காலை பாஸ்கர் சார் விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். அவர் காருக்குப் பின்னால், ஒட்டினாற்போல் சரவணனின் கார். முந்தின நாள் கோபத்தில் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார். ஆள் கம்பெனி பஸ்ஸில் போய்விட்டார், சாவியோடு. போனும் எடுக்கவில்லை.

பாஸ்கர் சாரின் மகளுக்கு அன்று பிளஸ் டூ பரீட்சை. சென்டர் தாம்பரத்தில். அந்தப் பெண் ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். ஆட்டோ ஒன்றும் வரவில்லை...

அப்போது சரவணனின் மனைவி பாரதி, நைட்டி மேல் துப்பட்டாவோடு ஓடி வந்தார். "சாவி அவர்கிட்டதான் இருக்கு சார். நீ ஏறும்மா, நான் கொண்டு போய் விடறேன்."

பாஸ்கர் சார் ஒரு நொடி தயங்கினார். பிறகு தலையாட்டினார். பாரதியின் ஸ்கூட்டி பறந்தது. பெல் அடிப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் எல்லோரும் கீழே கூடினோம். எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி ஷகிலா அக்கா. கிழக்குத் தாம்பரத்தில் கணவரோடு துணிக்கடை நடத்தியவர்.

"என் பொண்ணோட வருஷமே போயிருக்கும்! ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட் குடுக்கப் போறேன்" என்றார் பாஸ்கர் சார்.

"எக்ஸாம்னு சத்தியமா தெரியாது சார்..." என்றார் சரவணன்.

ஷகிலா அக்கா குரலை உயர்த்தவில்லை. "இடம் யாருதுன்னு நான் சொல்ல மாட்டேன். அதை கோர்ட் பாத்துக்கட்டும். கார் எப்ப வெளிய போகும்? அதை மட்டும் சொல்லுங்க."

பாஸ்கர் சாருக்கு தினமும் காலையில் வேண்டும். சரவணன் எடுப்பது ஞாயிற்றுக்கிழமைதான்.

"அப்ப சரவணன் வண்டி உள்ள. சார் வண்டி பின்னாடி."

"குழந்தைக்குத் திடீர்னு உடம்பு சரியில்லன்னா நான் எப்படிக்கா எடுக்கறது?" என்றார் சரவணன்.

"சாரோட ஸ்பேர் கீ உங்க வீட்ல இருக்கட்டும்."

பாஸ்கர் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "என் கார் சாவிய அவங்க வீட்லயா?"

"காலைல உங்க பொண்ணையே அவங்க வண்டிலதானே அனுப்பினீங்க. கார் சாவிக்கு யோசிக்கறீங்களே சார்..."

பாஸ்கர் சார் விறுவிறுவென்று படியேறிப் போனார். அவ்வளவுதான், கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தோம். திரும்பி வந்தார். சாவியை பாரதியின் கையில் கொடுத்து, "தேங்க்ஸ்மா" என்றார். காலையில் சொல்ல விட்டுப்போனது போல.

அதன் பிறகு பாஸ்கர் சார் காரில் காற்று இறங்கியிருந்தால், அவர் கீழே வருவதற்குள் சரவணன் ஸ்டெப்னி மாட்டியிருப்பார். அந்த இடம் யாருடையது என்று கடைசி வரை முடிவாகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அன்று ஷகிலா அக்கா நினைத்திருந்தால் சரவணனை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நாங்களும் கைதட்டியிருப்போம். அவர் யாரையும் தலைகுனிய விடவில்லை. இன்று யோசித்தாலும் மலைப்பாக இருக்கிறது.

இப்போது பொத்தேரி பக்கம் பெரிய கேட்டட் கம்யூனிட்டியில் இருக்கிறேன். ஸ்டிக்கர், கேமரா, ஆப்... எல்லாம் உண்டு. போன மாதம் என் இடத்தில் யாரோ காரை நிறுத்தியிருந்தார்கள். ஆப்பில் கம்ப்ளைண்ட் போட்டேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் கார் போய்விட்டது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. நல்ல வசதிதான்.

அது யாருடைய கார் என்றுதான் இன்று வரை தெரியாது.