எர்த் குழிக்கு ஒரு குடம்

எழுபதுகளின் தொடக்கத்தில், பந்தல்குடி அருகே ஒரு மில் கட்டிடத்துக்கு நான் மேற்பார்வையாளன். அங்கே தற்காலிகக் கரண்டு இழுத்துக் கொடுத்த வயர்மேனின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. ஒல்லியான ஆள், எந்நேரமும் சுருங்கிய நெற்றி. காலையில் சித்தாள் பெண்கள் வருவதற்குள் கலவை மிஷினைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிடுவார். உள்ளங்கை என்றால் கரண்டு பிடித்துக்கொள்ளுமாம். பிறகு, உப்பும் கரியும் போட்டு மூடிய எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்.

குடிக்கவே வண்டியில் தண்ணீர் வரும் இடம் அது. ஒரு கோடையில் எனக்குப் பொறுக்கவில்லை. "மனுசனுக்கே தண்ணியில்ல. குழிக்கு எதுக்குய்யா?" என்று குடத்தைப் பிடுங்கினேன்.

அவர் போய் பியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"மண்ணு காஞ்சா, மிஷின்ல கசியுற கரண்டு பூமிக்குள்ள எறங்காது சார். மிஷினத் தொடுற பொம்பளைக மேலதேன் எறங்கும். குடத்தக் குடுங்க, இல்ல வேலைய நிப்பாட்டுங்க."

கொடுத்தேன், திட்டிக்கொண்டேதான்.

அடுத்த மாதம் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிய வயர்மேன் தண்ணீரே கேட்கவில்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. தினமும் நானே ஒரு குடம் ஊற்றினேன். மிஷினை நோக்கிப் புறங்கையையும் நீட்டுவேன். தொடத் துணிவு வந்ததே இல்லை. சித்தாள் பெண்கள் வந்து தொடும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.