வாசலில் நின்ற புல்

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் குடியிருந்தோம். மேலே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். வெள்ளைக்காரர், அறுபதைத் தாண்டியவர். தெருவில் எல்லா முற்றமும் சவரம் செய்த கன்னம் மாதிரி இருக்க, எங்கள் வாசலில் மட்டும் ஆளுயரத்துக்குப் புல் நின்றது. வருகிற சனமெல்லாம், "புல்லு வெட்ட உங்கை ஆளில்லையோ?" என்று கேட்டு என் மானத்தை வாங்கினார்கள்.

பொறுக்க முடியாமல் ஒருநாள், நானே வெட்டித் தருகிறேன் என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அது களையில்லையாம், அவர் பிறந்த மேற்குச் சமவெளியின் சொந்தப் புல்லாம். அந்தக் காலத்தில் காட்டெருமை மேய்ந்ததும் அதைத்தான், அவருடைய தகப்பன் காயவைத்து மாடுகளுக்குப் போட்டதும் அதைத்தான். பனிக்காலத்தில் குருவிகளுக்கு விதையும் மறைப்பும் அதுதானாம். விசர் மனிசி என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

அந்த இலையுதிர் காலத்தில் அப்பாவின் முதலாவது திவசம் வந்தது. யாழ்ப்பாணத்தில் அவர் செத்தபோது என்னால் போக முடியவில்லை. அங்கே சண்டை, இங்கே என் அகதி வழக்கு முடியவில்லை. கொள்ளி வைத்தது ஒரு தூரத்துச் சொந்தம். திவசத்தையாவது என் கையால் ஒழுங்காகச் செய்துவிடவேண்டும் என்று இருந்தேன்.

வந்த ஐயர் பையைத் துழாவிவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, தர்ப்பையை மிசிசாகாவிலை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன்."

தர்ப்பைப் புல்லில் பவித்திரம் முடிந்து விரலில் போடாமல் எதையும் தொடங்க முடியாது. போய் எடுத்துவந்தால் மத்தியானம் தாண்டிவிடும். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐயர் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"உந்த வாசல்லை நிக்கிற புல்லு நல்ல நீளம். அதிலை ஒரு பிடி கொண்டு வாரும்."

"அது தர்ப்பை இல்லையே, ஐயா?"

"கிடையாத இடத்திலை வேறை புல்லும் எடுக்கலாம். கெதியாப் போம்."

வேட்டியோடு மேலே ஓடிப்போய் வீட்டுக்கார அம்மாவின் கதவைத் தட்டினேன். முழுவதையும் வெட்டித் தள்ள நினைத்தவன் ஒரு பிடிக்காகக் கெஞ்சினேன். அப்பாவுக்கு என்றதும் அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கத்தரிக்கோலோடு வந்து நல்ல புல்தாள்களாகப் பார்த்துப் பார்த்து வெட்டித் தந்தார். வேர் ஆளுயரத்தைவிட ஆழம், திரும்ப முளைக்கும், யோசிக்காதே என்றார்.

ஐயர் அதைத் தண்ணீரில் நனைத்து, முறுக்கி, முடிந்து என் மோதிர விரலில் போட்டார். தர்ப்பையைவிடத் தடிப்பு, கொஞ்சம் குத்தியது. அந்தக் கையால் அப்பாவின் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். எல்லாம் முடிந்ததும் பவித்திரத்தைக் கழற்றி, அந்தப் புல்லின் அடியிலேயே கொண்டுபோய்ப் போட்டேன். அந்த அம்மாவை நினைத்தால் இன்றும் கை கூப்பத்தான் தோன்றுகிறது.

அடுத்த கிழமை வந்த ஒரு அண்ணை வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டார், புல்லு வெட்ட ஆளில்லையோ என்று.

"அதிலை கை வைக்காதையுங்கோ அண்ணை," என்றேன். "அது அப்பான்ரை புல்லு."