இடது பக்கம் சபீனா

கொச்சியில் வைப்பின் தீவுப் படகில் நின்றிருந்தபோது சபீனாவின் அண்ணன் போன் செய்தார். "தம்பி, சபீனா மௌத்தாயிட்டா. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்றார். நான்கு மாதமாக நோயோடு இருந்தவர், எதிர்பார்த்த செய்திதான். இருந்தும் படகு கரை சேர்ந்த பிறகு இறங்கத் தோன்றாமல் நின்றுவிட்டேன்.

மட்டாஞ்சேரி பஜாரில், ஒரு கிடங்கின் மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோனவர்களுக்கு சபீனாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இஞ்சி, மிளகு மொத்த வியாபாரிகளுக்குச் சரக்கு இருப்பைக் காட்டும் மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. அவர் இந்த ஊர்த் தமிழ்க் குடும்பத்துப் பெண், நான் தேனியிலிருந்து வந்தவன். ஒரே வயது. ஒரே நிரலை மாற்றி மாற்றித் திருத்துவோம், அதற்காகத் தினமும் சண்டையும் போடுவோம்.

நிரலின் இரண்டு பதிப்புகளை எடிட்டரில் ஒப்பிடும்போது திரையில் இரண்டு ஜன்னல்கள் அருகருகே திறக்கும். அவற்றின் தலைப்பை "பழையது", "புதியது" என்று நான் அமைத்து வைத்திருந்தேன். சபீனாவுக்கு அது ஆகவே ஆகாது. எழுதியவர் பெயர் வரும்படி மாற்றிவிட்டார். "பழசுன்னு எழுதி வெச்சா வாசிக்காமலே அழிச்சிருவே. ஒரு ஆளோட பேரு இருந்தா, எதுக்கு இப்படி எழுதியிருக்குன்னு ஒரு தடவையாவது யோசிப்பே" என்றார். எனக்கு எரிச்சல். என் கணினியில் மட்டும் பழையபடியே வைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னபடியே நடந்தது. "பழையது" ஜன்னலில் தேவையில்லாததாகத் தோன்றிய ஒரு வரியை அழித்தேன். இஞ்சி காயக் காய எடை குறையும் அல்லவா, அதைக் கழித்துப் பார்க்கும் வரி அது. இரண்டு வாரத்தில் ஒரு கிடங்கில் இஞ்சி குறைவதாகக் கணினி காட்டியது. கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஜோசப் சேட்டன் மீது சந்தேகம் விழுந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கிடங்குக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

சபீனா இரு பதிப்புகளையும் தன் கணினியில் திறந்தார். இடது பக்கம் அந்த வரி இருந்தது, தலைப்பில் அவர் பெயர். வலது பக்கம் வரி இல்லை, தலைப்பில் என் பெயர். "முதலாளி பார்க்கிறதுக்குள்ள பேரை எடுத்துடு சபீனா, வேலை போயிடும்" என்று கெஞ்சினேன்.

அவர் கோபப்படவில்லை. "எடுக்கலாம். பின்னே ஜோசப் சேட்டன் பேரு மட்டும்தான் மிச்சம் இருக்கும், கள்ளன்னு" என்றார். கீபோர்டை என் பக்கம் தள்ளிவிட்டு சாயா குடிக்கப் போய்விட்டார்.

நான் பெயரை எடுக்கவில்லை. முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். வேலை போகவில்லை, வாங்கிய திட்டுக்குக் குறைவில்லை. கிடங்குக்காரர்களிடம் அவரே பேசினார். அன்று மாலை ஜோசப் சேட்டன் வீட்டுக்கு சபீனாவும் உடன் வந்தார். நான் படியேறத் தயங்கியதும், "சேட்டா, இவன்தான் ஆள். வேண்டியமட்டும் திட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். மறுநாள் காலை சேட்டன் மறுபடி கிடங்கைத் திறந்தார்.

அவர் இறந்து ஒரு மாதமாகிறது. போன வாரம் மிளகு எடையில் ஒரு பிழை வந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால், பிழை சபீனா எழுதிய வரியில். "இறந்துபோன பொண்ணு, அந்தப் பேரை எடுத்துடு" என்றார் முதலாளி, பிரியமாகத்தான். நான் எடுக்கவில்லை. நல்லதோ தப்போ, செய்தவர் பெயரோடு இருக்கட்டும் என்ற பிடிவாதம்தான் சபீனாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது.

சபீனா, இத்தனை வருடத்தில் முதன்முறையாக உன் தவறு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். சண்டைக்கு வர மாட்டாயா?