காட்டில் இல்லாத பாதை

ஹெஸ்டர் பிரோபர்ட் இங்கிலாந்தில் ஹெர்ஃபோர்ட்ஷயரின் மேட்டுக் கிராமங்களில் தபால் கொடுத்து ஓய்ந்தவள். ஓய்ந்த பிறகும் அவளை வீட்டில் பிடித்து வைக்க முடியவில்லை. மடக்கு நாற்காலியும் வண்ணப் பெட்டியுமாகப் பீச் மரக் காட்டுக்குக் கிளம்பிவிடுவாள். பெட்டியில் வெள்ளை மட்டும் இருக்காது. நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது பூசாமல் விட்ட காகிதம்தான். விட வேண்டிய இடத்தை விடத் தெரியாதவர்கள்தான் பிறகு வெள்ளையைத் தேடுவார்கள் என்பது அவள் கட்சி.

அந்த மே மாதம் அவளுடைய அக்கா மேவிஸ் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். வருஷம் தவறாமல், வசந்தத்தில் காட்டுத் தரையெங்கும் விரியும் நீலமணிப் பூக்களைப் பார்க்கப் போகிறவள். "இந்தத் தடவை காடு என்கிட்ட வரட்டும்டி," என்றாள்.

மரங்கள் இலைவிட்டு நிழல் மூடிவிட்டால் பூவும் முடிந்துவிடும். விடாத மழைக்கு நடுவே ஒரே ஒரு காலைதான் வெளுத்தது. தோழி பெரிலுடன் ஹெஸ்டர் காட்டுக்குப் போனாள். தாளை நனைத்து, வரைந்த மரங்களுக்கடியில் நீலத்தை ஈரத்தின்மேல் ஈரமாக ஓடவிட்டாள். நடுவே வெயில் விழுந்த இடத்தைத் தொடவில்லை. கடைசியில் அந்த வெளிச்சத்தின் ஓரத்தை இளக்குவதற்காக, கண்ணைக் காட்டிலேயே வைத்துக்கொண்டு தூரிகையை நனைத்தாள். தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் தேநீர்க் கோப்பை இருந்தது. வெளிச்சத்தில் பழுப்பு பரவியது.

பெரில் எட்டிப் பார்த்தாள். "போச்சு. டீயா?"

"பால் விட்டது."

"சர்க்கரை?"

"ரெண்டு கரண்டி. எறும்பும் வரும்."

"என்கிட்ட வெள்ளை இருக்கு. ஒரு நாளைக்கு வீம்பை விடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"மேவிஸுக்குத் தெரியும். சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும்."

மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு தாளுக்கு நேரமில்லை. ஹெஸ்டர் அந்தப் பழுப்பையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு அதன் கீழ்முனையை ஈரத் தூரிகையால் முன்னோக்கி இழுத்து வந்து, இரு பக்கமும் நிழல் கொடுத்தாள். பூக்களின் நடுவே ஒரு மண்பாதை வந்து சேர்ந்தது.

மேவிஸ் படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அங்க பாதையே கிடையாதே."

"இப்ப இருக்கு. டீ ஊத்திப் போட்டது."

மேவிஸ் சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள். "தபால்காரி புத்தி எங்க போகும். நல்லதுதான். பூவை மிதிக்காம நடக்கலாம்."

படுத்தபடியே தெரிகிற உயரத்தில், கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொன்னாள்.

ஊர்ச் சங்கத்தின் கோடைக் கண்காட்சிக்கு அந்தப் படத்தைத்தான் அனுப்ப வேண்டும் என்று பெரில் மன்றாடினாள்.

"அது எப்படி முடியும்," என்றாள் ஹெஸ்டர். "அந்தப் பாதையில தினம் ஆள் நடமாட்டம் இருக்கு."