கவலை ஓட்டிய இடுப்பு

எங்கள் பக்கத்தில் கவலை இரண்டு வகை. ஒன்று மனத்தில் இருப்பது, அது எல்லா ஊரிலும் கிடைக்கும். மற்றது கிணற்றில் இருப்பது. இரண்டு மாடுகளைப் பூட்டி, கிணற்றுமேட்டுச் சரிவில் இறக்கியும் ஏற்றியும், பெரிய தோல்பையில் தண்ணீரை மேலே இழுக்கிற ஏற்பாட்டுக்கு நாங்கள் கவலை என்றுதான் சொல்வோம். பெயர் வைத்தவன் அனுபவித்து வைத்திருக்கிறான். மாடு சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவன் வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்து தன் கனத்தையும் கொடுக்க வேண்டும். தண்ணீர் மேலே வரும், அவன் கீழே போவான். விடிந்ததிலிருந்து வெயில் உச்சிக்கு வருகிற வரை இதே வேலை.

உலகச் சண்டை நடந்த காலத்தில் நல்ல கயிறு கிடைக்கவில்லை. இருந்ததையே முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாசி மாதக் காலையில், நான் மேலே உட்கார்ந்திருக்கும்போதே அது அறுந்தது. அந்தச் சரிவு முழுவதும் மண். பாறை துருத்திக்கொண்டிருந்தது ஒரே ஓர் இடத்தில். அந்த இடத்தைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். மாடு இரண்டும் நின்று திரும்பிப் பார்த்தன. கிணற்றில் எனக்குச் சரிபாதிப் பங்காளியான பெரியப்பா மகன் ஓடி வந்தார்.

"தம்பி, எந்திரிக்க முடியுமா?"

"முடியுமுங்கண்ணா. நாளைக்கு."

அவர் சிரித்துவிட்டார். நாளைக்கும் முடியவில்லை. நாலாம் நாள் எழுந்தேன். ஆனால் இடுப்பு மட்டும் அந்தப் பாறைமேலேயே இன்னும் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அடுத்த மூன்று வருஷமும் அது அங்கேதான் இருந்தது.

வலியைவிட என்னைத் தின்றது ஒரு கட்டில். என் பெரியப்பா, அதாவது இந்தப் பங்காளியின் தகப்பனார், இடுப்பில் அடிபட்டு, இரண்டு காலும் செத்துப்போய், ஒன்பது வருஷம் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். நடுவில் கயிற்றை அறுத்து ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். கீழே ஒரு சட்டி. போகிறவர்கள் வருகிறவர்கள் வாசலில் நின்றே நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள், உள்ளே வரமாட்டார்கள். அவர் போன பிறகும் சாமான் வீணாகக் கூடாதென்று அந்தக் கட்டிலை மாட்டுக் கொட்டகையில் சாத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஓட்டைதான் கண்ணில் படும். எனக்கே அளவெடுத்து அறுத்தது போல இருக்கும்.

ஆகவே தினமும் கண் விழித்ததும் கால்விரல் பத்துக்கும் வாத்தியார் போல ஆஜர் எடுப்பேன். ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்ப்பேன். பிறகு காலைக் கிள்ளிப் பார்ப்பேன். ஒரு நாள் கிள்ளினேன், உணர்ச்சியே இல்லை. இன்னும் பலமாகக் கிள்ளினேன், ஒன்றும் தெரியவில்லை. போச்சு, கால் போச்சு என்று கூவிய கூவலில் வீட்டுக்காரி விளக்குமாறும் கையுமாக ஓடி வந்தாள். வந்து குனிந்து பார்த்தாள்.

"நீங்க கிள்ளறது தலவாணியை," என்றாள்.

முட்டிக்கு அடியில் அண்டக் கொடுத்து அவளே வைத்த தலையணை. இனிமேல் தலையணையை முன்கூட்டியே எனக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்று சண்டை பிடித்தேன். அவள் போன பிறகு நிஜக் காலை இரண்டு தடவை கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

வைத்தியம் எதையும் விடவில்லை. நொச்சி இலையை வதக்கிக் கட்டினேன். உளுந்தங்களி தின்றேன். சுளுக்கு எடுக்கிறவர் ஒருவர் இடுப்பில் உலக்கையை வைத்து உருட்டினார், எனக்குத் தெரிந்த அத்தனை சாமி பெயரும் அன்றைக்கு ஞாபகம் வந்தது. ஜேடர்பாளையத்தில் அணைக்குக் கீழே ஆற்றுமணல் சித்திரை வெயிலில் கொதிக்கும், அதில் புதைந்து படுத்தால் வாயு இறங்கிவிடும் என்று யாரோ சொல்ல, பங்காளி வண்டி கட்டிக் கூட்டிப்போனார். என்னைக் குப்புறப் போட்டு, முதுகு மூட மணலை அள்ளிக் கொட்டி, தலையில் ஈரத்துணி போட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்தார். துணி துவைக்க வந்த ஒரு பெண் நின்றாள்.

"ஏனுங்க, எந்த ஊருச் சாவு? ஆத்துக்குள்ளயா பொதைக்கறீங்க?"

"இன்னும் சாகுலீங்க அம்மிணி," என்றேன் துணிக்கு அடியிலிருந்து.

துணி மூட்டையைப் போட்டுவிட்டு ஓடியவள் கரை ஏறித்தான் திரும்பிப் பார்த்தாள். வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் பங்காளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்புக்கு ஒரு தடவை இடுப்பைச் சுருக்கென்று இழுத்தது.

இதில் கூத்து என்னவென்றால், சுற்றுவட்டாரத்தில் இடுப்புப் பிடிப்புக்குப் பேர்போன வைத்தியம் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இரட்டைப் பிள்ளை பெற்றவள் காலால் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் வீட்டுக்காரி இரட்டை பெற்றவள். பனமரத்துப்பட்டி வரைக்கும் சேதி பரவி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். வாசலில் குப்புறப் படுப்பார்கள். அவள் வலது காலால் மூன்று மிதி மிதிப்பாள். எழுந்து போவார்கள். யாரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கமாட்டாள்.

ஆனால் புருஷன் முதுகில் பெண்டாட்டி கால் வைக்கக் கூடாது, பாவம். இந்த ஜில்லாவில் அவள் மிதிக்காத முதுகு என்னுடையது ஒன்றுதான் என்று சந்தையில் சொல்லிச் சிரிக்க வைப்பேன்.

அந்த இரட்டை இப்போது இல்லை. ஆண் ஒன்று, பெண் ஒன்று. பிறந்த ஐந்தாம் மாதத்தில் அம்மை போட்டு, ஒரே வாரத்தில் இரண்டும் போய்விட்டன. எங்கள் விளைகாட்டு வேலியோரம் நான்தான் குழி வெட்டினேன், இரண்டு தடவை. அப்புறம் பிள்ளை இல்லை. அன்றைக்குக்கூட நான் ஏதோ சொல்லிக் கூட வந்தவர்களைச் சிரிக்க வைத்தேன் என்பார்கள். என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை, யாரையும் கேட்டதும் இல்லை. பதினோரு வருஷத்தில் அவற்றைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மிதிக்கச் சொல்லி யாராவது வந்தால் எனக்குக் காட்டில் அவசர வேலை வந்துவிடும், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். குழந்தைகள் எத்தனை என்று வெளியாள் கேட்டால் இல்லைங்க என்பேன்.

மூன்றாம் வருஷம் வலி வலது தொடைக்கு இறங்கியது. பெட்ரோலுக்குப் பதில் பின்னால் கரியடுப்பு வைத்து ஓடிய பஸ்ஸில் ஏறி, வீட்டுக்காரியோடு சேலம் போனேன். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு பங்களாவில் தஞ்சாவூர்ப் பக்கத்து டாக்டர் ஒருவர் வைத்தியம் பார்த்துவந்தார். என்னைக் குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி, கடைசியில் பேனாவை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். அவள் கதவோரம் நின்றிருந்தாள்.

"எப்படி வந்தது இது?"

"கவலை ஓட்டி வந்ததுங்க."

"எத்தனை நாளா?"

"பதினஞ்சு வயசிலருந்தே கவலைதானுங்க. எந்திரிச்சாக் கவலை. மத்தியானம் வரைக்கும் நிக்காதுங்க."

"ராத்திரியில?"

"மாடு களைச்சுப் போயிருமுங்க."

டாக்டர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"ஆத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி உண்டா?"

"என்ற அப்பனுக்கும் கவலைதானுங்க. பாட்டனுக்கும்."

"குழந்தைகள்?"

"இல்லைங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதான். குழந்தை இல்லாத கவலை. மனசுல இருக்கறது இடுப்புல வந்து உக்காந்துண்டிருக்கு. கவலையை விட்டுடுங்கோ, எல்லாம் சரியாப் போயிடும்."

சிவப்பாக ஒரு மருந்து கொடுத்தார். மற்ற மருந்தெல்லாம் சண்டை முடிந்தால்தான் கப்பலில் வரும் என்றார். பாதி வழி வந்த பிறகுதான் அவர் எந்தக் கவலையைச் சொன்னார் என்பது எனக்கு உறைத்தது. பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். கண்டக்டர் வரைக்கும் சிரித்தார்கள். கவலையை விட்டுவிட்டால் ராகிக்கு டாக்டரா வந்து தண்ணீர் பாய்ச்சுவார் என்று ஒருவர் எடுத்துக்கொடுத்தார். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். என் இடுப்பை நினைத்துத்தான் வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம், கீழே இருந்த சொம்பை எடுக்கக் குனிந்தேன். நிமிரவில்லை. படுக்கவைத்த பிறகு ஆஜர் எடுத்தேன். வலது காலில் ஐந்தும் பதில் சொல்லவில்லை. கிள்ளிப் பார்த்தேன், தலையணையை முதலில் தூரத் தள்ளிவிட்டுத்தான் கிள்ளினேன். மரம் போல இருந்தது.

ராகி கதிரில் பால் பிடிக்கிற சமயம். கிணற்றில் எங்கள் முறை வந்த நாட்களில் அவளே கவலை ஓட்டினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒட்டுப் போட்ட அதே கயிற்றில் உட்கார்ந்து இறங்கினாள். படுத்த இடத்திலிருந்து கப்பி கிறீச்சிடுவது எனக்குக் கேட்கும். சத்தம் ஒரு நொடி தாமதமானால் கயிறு அறுந்துவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். மறுபடி கிறீச்சிட்டால்தான் மூச்சு வரும்.

ஆறாம் நாள் பங்காளி வந்தார். உள்ளே வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றார். பெரியப்பாவைப் பார்க்க வந்தவர்களும் இப்படித்தான் நின்றார்கள்.

"தம்பி, கீழ கெடந்து செரமப்படறே. அப்பனோட கட்டலக் கொண்டாந்து போடட்டுமா?"

"போடுங்கண்ணா. ஓட்டையை மட்டும் அங்கயே உட்டுட்டு வாங்க."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். கட்டிலைத் துடைத்து நார்க்கயிறு பின்ன ஆளுக்குச் சொல்லிவிட்டார் என்று மறுநாள் கேள்விப்பட்டேன்.

அந்த மறுநாள்தான், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து புளி ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர் இடுப்பு பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவள் அப்போதுதான் கவலை விட்டுவிட்டு ஈரச் சேலையோடு வந்திருந்தாள். நான் உள்ளே கிடந்தேன், கதவு திறந்திருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக எனக்குக் காட்டில் அவசர வேலை இல்லை.

அவர் குப்புறப் படுத்தார். மிதிக்கு முன்னால் படுத்திருப்பவர் ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்க வேண்டும், மூன்று மிதிக்கு மூன்று தடவை. அது முறை என்று எனக்குத் தெரியும். காதால் கேட்டதில்லை.

"எத்தனை பெத்தே தாயி?"

"ரெண்டு."

மிதி விழுந்தது. அவர் முனகினார்.

"எத்தனை பெத்தே தாயி?"

"ரெண்டு."

என்னோடு பேசுகிற குரல் இல்லை அது. அடுத்த காட்டு ஆளைக் கூப்பிடுகிற மாதிரித் திறந்த குரல். மூன்றாம் தடவை அவர் கேட்டபோது, "ரெண்டு. ஒரு பையன், ஒரு புள்ளை," என்றாள்.

எத்தனை வண்டிக்காரர்களிடம், எத்தனை ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லியிருப்பாள் என்று கணக்குப் போடப் பார்த்தேன், முடியவில்லை. டாக்டரிடம் நான் இல்லைங்க என்றபோது கதவோரம் நின்றிருந்தவள் இவள். பஸ்ஸில் அதையே கதையாக்கி நான் விற்றபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் இவள்தான்.

வண்டிக்காரர் போன பிறகு கூப்பிட்டேன்.

"எனக்கும் மிதி."

"நல்லாருக்குது. புருசன் முதுகுல காலு வெச்சா எந்தப் பாவத்துல போயி உளுகறது?"

"மேல சாக்கைப் போட்டுக்க. நீ சாக்கை மிதிச்சே, சாக்கு என்னை மிதிச்சுது. பாவமெல்லாம் சாக்குக்கு."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கடலைச் சாக்கு ஒன்றை உதறிக்கொண்டு வந்தாள். பாயோடு என்னை வாசலுக்கு இழுத்துக் குப்புறத் தள்ளினாள். அந்தத் தள்ளலிலேயே உயிர் பாதி போனது. சாணி மெழுகிய தரையில் மூக்கு அழுந்தியது.

"கேளுங்க," என்றாள்.

பஸ் கண்டக்டர் குரலில், "அம்மிணி, மொத்தம் எத்தனை டிக்கெட்டு?" என்றேன்.

"ஒழுங்காக் கேக்கறதுன்னாக் கேளுங்க. எனக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்."

"எத்தனை பெத்தே?"

"ரெண்டு."

கால் விழுந்தது. கண்ணில் நெருப்புப் பறந்தது.

"எத்தனை பெத்தே?"

"ரெண்டு."

இரண்டாவது மிதி. மூன்றாம் தடவையும் கேட்டேன். கால் முதுகின்மேல் சும்மா இருந்தது. தொழுவத்தில் மாடு தலையை ஆட்டுகிற மணிச்சத்தம் கேட்டது.

"நீங்க சொல்லுங்க," என்றாள்.

இப்படிப்பட்ட நேரத்தில் எனக்கு ஏதாவது ஒன்று நாக்கு நுனிக்கு வந்துவிடும். குழி வெட்டிய அன்றைக்கே வந்திருக்கிறதே. இந்தத் தடவை தேடிப் பார்த்தேன், வாயில் மண்தான் இருந்தது.

"ரெண்டு," என்றேன்.

"என்னென்ன?"

"ஒரு பையன். ஒரு புள்ளை."

அதற்குப் பிறகுதான் மூன்றாவது மிதி விழுந்தது, முழுக் கனத்தோடு. உள்ளே எங்கேயோ சொடக்கு விட்ட மாதிரி ஒரு சத்தம். வெகுநேரம் முகத்தைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. வலி தாங்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். நான் கேட்கவேயில்லை என்பது போல அவள் சாக்கை மடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

உடனே எழுந்து நடந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். எட்டு நாள் கழித்துக் காலில் எறும்பு ஊர்வது தெரிந்தது. ஒரு மாதம் கழித்துத் தடியூன்றி வாசல் வரை போனேன். வலது சுண்டுவிரல் இன்றைக்கும் ஆஜருக்குத் தாமதமாகத்தான் பதில் சொல்கிறது. ராகியில் பாதி மணி பிடிக்காமல் சாவியாகப் போயிற்று. அவள் ஒருத்தி ஓட்டிய தண்ணீர் பாதிக் காட்டுக்குத்தான் எட்டியது, அதற்கே அவள் கையெல்லாம் கொப்புளம். புது நார்க்கயிறு பின்னிய அந்தக் கட்டில், ஓட்டையைச் சுற்றி நல்ல முடிச்சோடு, இன்னும் கொட்டகையில்தான் சாத்தியிருக்கிறது. அந்தப் பக்கம் இப்போது நான் போவதில்லை.

வலி முழுவதும் விடவில்லை. பனிக்காலத்தில் வரும். அப்போது வாசலில் போய்க் குப்புறப் படுத்துக்கொள்வேன். வராத நாளிலும் சில சமயம் வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொள்வதுண்டு. பொய் என்று அவளுக்குத் தெரியும். சாக்கை எடுத்துக்கொண்டு வருகிறாள்.