நிலை கொடுமுடியில், கதவு கோவையில்

செய்தி வந்தபோது காலை பதினொன்றே கால். செவ்வந்தி நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் கைப்பைக்குள் சத்தமில்லாமல் கிடந்ததால், அழைப்பு தலைமையாசிரியர் அறைக்குப் போய், அங்கிருந்து தலைமையாசிரியரின் போனாக அவள் வகுப்புக்கே தேடி வந்தது.

"தங்கச்சி, நான் முத்தலிப் பேசறேன். ஜெரோமுக்குக் கொஞ்சம் முடியலை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம். நீ நேரா அங்க வந்துரும்மா."

அப்துல் முத்தலிப் யாருக்குப் போன் செய்தாலும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். இன்றைக்குக் கேட்கவில்லை. செவ்வந்திக்கு அதுவே போதுமாக இருந்தது.

"பாய், உசுரு இருக்குதுங்களா?"

"நீ வாம்மா" என்றார் அவர், ராஜ வீதியின் ஆட்டோச் சத்தத்துக்கு நடுவே. அவள் சாக்பீஸைப் பலகை விளிம்பில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

செவ்வந்தியின் கணவன் ஜெரோம், தான் வேலை எடுத்திருந்த பஞ்சு ஆபீஸ் என்ற பழைய கட்டடத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் டீ சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். டீ வருவதற்குள் சாய்ந்துவிட்டான். அவன் ஸ்கூட்டர் பெட்டியில் ஒரு பழைய துண்டில் சுற்றிய கல் உளியும் சுத்தியலும் இருந்தன. அன்று காலை அவன் செய்ய வந்தது ஒரு சின்ன வேலை. ஒரு மணி நேரம் கூடப் பிடித்திருக்காது.

ஜெரோமின் அப்பா அம்மா வெள்ளகோவில் பக்கம் பிறர் தோட்டங்களில் வேலை செய்தவர்கள். அவன் மீசை அரும்பும் வயதில் போத்தனூரில் இருந்த மாமன் வீட்டுக்கு வந்தான். மாமன் பழைய கட்டடம் இடிக்கும் ஆட்களோடு போவார், இவனும் போனான். முதலில் கல் மண் சுமந்தான், பிறகு கடப்பாரை பிடித்தான், பிறகு ஆள் வைத்து வேலை எடுத்தான். கோவையில் டவுன்ஹாலைச் சுற்றி எந்தப் பழைய வீடோ கிடங்கோ கைமாறினாலும், முதலில் வக்கீலுக்கும் அடுத்து ஜெரோமுக்கும்தான் போன் போகும்.

இடிப்பதில் அவனுக்கு ஒரு முறை உண்டு. எல்லோரும் ஓட்டிலிருந்து தொடங்கினால் அவன் வாசலிலிருந்து தொடங்குவான். தலைவாசலின் மரச்சட்டத்தை, நிலையை, கதவோடு சேர்த்து முதலில் பெயர்த்து வெளியே எடுத்துச் சாய்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். "நிலையப் பேத்துட்டா அப்பறம் அது ஊடு இல்லைடா. வெறுஞ் செங்கல்லு. பயப்படாம அடிங்க" என்பான். நிலை நிற்கும் வீட்டின் மேல் சுத்தியல் போட அவனுடைய ஆட்களுக்கும் கை வராது.

கல்யாணமான புதிதில் பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்கள் கேட்பார்கள், உங்க வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று. "கான்ட்ராக்டர்" என்பாள் செவ்வந்தி. "எங்க கட்டிட்டிருக்காரு?" என்று அடுத்த கேள்வி வரும். அவள் மணி அடிக்கப்போகிறது என்று எழுந்துவிடுவாள். வீட்டில் சொன்னால் ஜெரோம் சிரிப்பான்.

"உடைக்கறாருன்னு சொல்லு அம்மணி. அதுல என்ன வெக்கம்? உடைக்காம எவன் கட்டுவான்?"

"சொன்னா அடுத்த தடவ ஸ்டாஃப் ரூம் செவுரு விரிசல் உட்டா என்றகிட்டத்தான் கேப்பாங்க."

முத்தலிப் பாய் அவனைக் கூப்பிட்டதும் இடிக்கத்தான். ராஜ வீதியிலிருந்து பிரியும் சந்தில் அவருக்கு ஒரு மாடிக் கட்டடம் இருந்தது. ஒரு காலத்தில் பஞ்சு வியாபாரிகளின் அலுவலகமும் கிடங்கும் அது. பிறகு லாரி ஆபீஸ், அதற்குப் பிறகு பிளாஸ்டிக் சாமான் குடோன். எத்தனை கை மாறினாலும் ஊருக்கு அது பஞ்சு ஆபீஸ்தான். இடித்துவிட்டு நான்கு மாடி எழுப்புவதாகப் பாய்க்குத் திட்டம். அவருடைய மகள் இல்மா வேண்டாம் என்றாள். அவள் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்களுக்கு வீட்டு முன்னறையில் பாடம் எடுப்பவள். அந்தக் கட்டடத்தைச் சீர்செய்து கீழே கடைகளுக்கு விட்டு, மாடியைப் படிப்பகமாக்கலாம் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தாள்.

ஜெரோம் வழக்கப்படி முதல் நாளே நிலையைப் பெயர்த்தான். மறுநாள், மாடியில் லாரி ஆபீஸ்காரர்கள் அடித்துவைத்திருந்த பிளைவுட் தட்டியைப் பிரித்தார்கள். மேலே பழைய கூரை தெரிந்தது. தேக்கு உத்திரங்களும், அவற்றின்மேல் நெருக்கி அடுக்கிய சிறு செங்கற்களும். ஒரு உத்திரத்தில்கூட அரிப்பு இல்லை. ஒரு இடத்திலும் நீர் இறங்கிய தடம் இல்லை. ஜெரோம் மொட்டைமாடிக்கு ஏறிப்போய் வெகுநேரம் நின்றான். இறங்கி வந்து நேராகப் பாயின் கடைக்குப் போனான்.

"பாய், இத இடிக்க வேண்டாமுங்க."

"ஏம்ப்பா, நேத்து கடப்பாரையோட வந்தவன் நீதான?"

"மேல ஏறிச் சுத்திப் பாத்தனுங்க. எந்தப் பக்கம் திரும்புனாலும் நான் உடைச்ச எடமாத்தான் தெரியுது. இந்தச் சந்துல நான் கை வெக்காதது இது ஒண்ணுதான். இது இருக்கட்டுமுங்க."

கடைக்குள் இருந்த இல்மா சிரித்துவிட்டாள். "அத்தா, நான் சொன்னா ஏறலை. இப்ப இடிக்க வந்தவரே சொல்லிட்டாரு. இதுக்கு மேல யாரக் கூட்டிட்டு வரட்டும்?"

பாய் தாடியைத் தடவிக்கொண்டு ஜெரோமைப் பார்த்தார். "சரி. அப்ப நீயே சரிபண்ணிக் குடு. உடைக்கத் தெரிஞ்சவனுக்கு எது எதத் தாங்குதுன்னு தெரியுமில்ல? மொதல்ல அந்தக் கதவக் கொண்டாந்து மாட்டு. வாசல் தொறந்து கெடக்குது."

ஜெரோம் தலையாட்டிவிட்டு வந்தான். ஆனால் கதவு அவனிடம் இல்லை. பெயர்த்த அன்று சாயங்காலமே கொடுமுடியிலிருந்து ஒருவர் வந்து, நிலையும் கதவுமாக விலைக்கு வாங்கி வண்டியேற்றிக்கொண்டு போயிருந்தார்.

"கோளாறு பண்ணிப்போட்டேன் அம்மணி" என்றான் அன்றிரவு சாப்பிடும்போது.

"ஆசாரிகிட்டச் சொல்லி வேற ஒண்ணு செஞ்சு மாட்டுங்க. யாரு கேக்கப் போறாங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா கழட்டுனவன் நான். அந்தக் கதவு இல்லாமத் தொறந்தா, அது நான் பாதி உடைச்ச கட்டடமாத்தான் நிக்கும்."

அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் வேலை நடந்தது. யாரோ எப்போதோ பூசிய சிமெண்டைச் சுவரிலிருந்து உரித்தெடுத்துச் சுண்ணாம்பு பூசினார்கள். உரிப்பதுதான் பாடாக இருந்தது. ஓங்கி அடித்தே பழகிய ஆட்கள். "கை கேக்க மாட்டேங்குதுங்க" என்று ஒருவன் குறைப்பட்டான்.

"பொண்டாட்டி தூங்கறப்ப ஊட்டுக்குள்ள வருவியல்ல, அந்த மாதிரி வேலை செய்யுடா" என்றான் ஜெரோம்.

ஒரு சனிக்கிழமை செவ்வந்தி பார்க்க வந்தாள். அவன் அவளை மாடிக்கு அழைத்துப்போய் நடுக்கூடத்தில் நிறுத்தி, "மேல பாரு" என்று மட்டும் சொன்னான். மெருகேற்றிய உத்திரங்கள் வரிசையாக ஓடின. ஜன்னல் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் விழுந்து கூடம் முழுக்கப் பரவியிருந்தது. அவன் கூரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லா இருக்குதுங்க" என்றாள். பிறகு கூடத்தை ஒருமுறை முழுக்கச் சுற்றி வந்தாள்.

வேலை முடியும் தறுவாயில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து இருவரும் கொடுமுடிக்குப் போனார்கள். கதவை வாங்கிப்போன கருப்புசாமி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். புது வீடு, பச்சை பெயிண்ட். அதன் வாசலில் அந்தக் கதவு எண்ணெய் குடித்துப் பளபளவென்று நின்றது. கருப்புசாமி வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, கதவைப் பற்றி அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"எங்கப்பன் அந்தப் பஞ்சு ஆபீசுக்கு வண்டி ஓட்டுனவருங்க. பின்வாசல்ல மூட்டைய எறக்கிப்போட்டு அப்படியே திரும்பிரோணும், முன்வாசப் பக்கம் உட மாட்டாங்க. முன்வாசக் கதவு எப்படி இருக்கும்னு அவரு கண்டதில்ல. அது இன்னைக்கு என்ற ஊட்டுல நிக்குது பாருங்க."

இதற்கு மேல் எப்படிக் கேட்பது? ஆனாலும் ஜெரோம் கேட்டான். கருப்புசாமியின் முகம் மாறிப்போனது.

"நல்ல நாள் பாத்து, நவதானியம் போட்டு, பூசை வெச்சு நிறுத்துன நிலைங்க இது. மனுசரு குடியிருக்கற ஊட்டுல நிலையப் புடுங்கச் சொல்றீங்களே. உங்களுக்குத் தெரியாததா?"

ஜெரோமுக்குத் தெரிந்ததுதான். வாழ்நாள் முழுவதும் நிலையைப் பெயர்த்தவன். ஆள் இருக்கும் வீட்டில் ஒருநாளும் தொட்டதில்லை. அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். "கேட்டிருக்கக் கூடாதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. வாரமுங்க."

"ஏனுங்க, இருங்க." குரல் உள்ளேயிருந்து வந்தது. கருப்புசாமியின் மனைவி சின்னத்தாயி முறுக்குத் தட்டோடு நின்றிருந்தாள். "அந்தக் கட்டடத்துல இனி என்ன வரப்போகுதுங்க?"

"கீழ கடைங்க, மேல படிப்பகம். பரிச்சைக்குப் படிக்கற புள்ளைங்க உக்காந்து படிக்கறதுக்கு."

"யாரு வேணாலும் போலாமுங்களா?"

"யாரு வேணாலும் போலாமுங்க."

"முன்வாசல்லயா?"

"முன்வாசல் ஒண்ணுதானுங்க இருக்குது. பின்வாசல அடச்சுக் கக்கூஸ் கட்டிப்போட்டோம்."

சின்னத்தாயி சிரித்தாள். தட்டை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "நிலைதானுங்க ஊடு. கதவு மரந்தான? நிலை வெச்ச அன்னைக்குத்தான் பூசை போட்டீங்க. கதவு மாட்டுன அன்னைக்கு ஆசாரிக்கு டீ வாங்கிக் குடுத்தீங்க, அவ்வளவுதான். நிலை நம்முளுதா இருக்கட்டும். கதவ அவுரு கொண்டு போகட்டும்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றார் கருப்புசாமி. ஆனால் சொன்ன பிறகு எழுந்துபோய்க் கதவின் கனத்தை விரலால் அளந்து பார்த்தார். அப்புறம் ஜெரோமிடம் திரும்பினார். "இதே கனத்துல, இதே தேக்குல, புதுசு செஞ்சு நீங்களே வந்து மாட்டோணும். அப்பறம், அங்க தொறக்கற அன்னைக்கு என்னயக் கூப்பிடோணும். நான் முன்வாசல்ல வருவேன்."

"உங்களத்தானுங்க மொத ஆளாக் கூப்பிடுவேன்."

திரும்பும் வழியெல்லாம் ஜெரோம் ஸ்கூட்டரில் பாட்டு முனகிக்கொண்டே வந்தான். அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு செவ்வந்தி அதைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

சொன்னபடி செய்தான். கொடுமுடி வீட்டுக்குப் புதுக் கதவை அவனே மாட்டினான். பஞ்சு ஆபீசுக்குப் புதிய நிலை செய்து, இல்மா குறித்துக்கொடுத்த நாளில் நிறுத்தி, பழைய இரட்டைக் கதவை அதில் தொங்கவிட்டான். ஒரு பக்கம் லேசாக உரசியது, இழைத்துச் சரிசெய்தான். ஒன்றுதான் பாக்கி. பழைய வாசற்படிக் கல் அன்றைக்கு அவன் கடப்பாரை பட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. புதுக் கல் போட்டாயிற்று. கதவின் கீழ்த்தாழ்ப்பாள் இறங்க அந்தக் கல்லில் ஒரு குழி எடுக்க வேண்டும். ஆட்கள் அப்போதே எடுக்கிறோம் என்றார்கள். "அத நீங்க தொட வேண்டாம். நான் உடைச்ச கல்லு, நானே முடிச்சுக்கறேன். காலைல வாரேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான்.

அந்தக் காலையில்தான் டீ சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.

போத்தனூர் கல்லறைத் தோட்டத்தில் அவனை அடக்கம் செய்தபோது, அவனிடம் கடப்பாரை பிடித்தவர்களே மண் தள்ளினார்கள். முத்தலிப் பாய் திறப்பு விழாவைத் தள்ளிவைக்கிறேன் என்றார். செவ்வந்தி ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு ஒரு ஆளுக்குச் சொல்லிப்போட்டாருங்க பாய். குறிச்ச தேதில தொறந்துருங்க" என்றாள்.

குறித்த தேதியில் கருப்புசாமி வெள்ளை வேட்டியில், சின்னத்தாயியோடு கொடுமுடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கதவுகள் இரண்டும் விரியத் திறந்திருந்தன. அவர் வலது கதவில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். பிறகு கல்லைத் தாண்டி உள்ளே போனார். அவருக்குப் பின்னால் இல்மாவின் மாணவிகள் புத்தகப் பைகளோடு சலசலவென்று போனார்கள். யார் முதலில் ஜன்னலோர மேசையைப் பிடிப்பது என்று மாடிப்படியிலேயே சண்டை தொடங்கிவிட்டது.

வாசலருகே நின்ற செவ்வந்தியைப் பார்த்து, வந்திருந்த ஒரு பெண்மணி கேட்டார். "நீங்க பாய் வீட்டுக்கு வேண்டியவங்களா?"

"இல்லைங்க" என்றாள் செவ்வந்தி. "இத இடிக்க வந்தவரு எங்க ஊட்டுக்காரருங்க." அந்த அம்மாள் விழிப்பதைப் பார்த்து, மிச்சத்தையும் முதலிலிருந்து சொன்னாள். பள்ளிக்கூடத்திலும் இப்போது அப்படியேதான் சொல்கிறாள். மணி அடித்தாலும் முடித்துவிட்டுத்தான் எழுகிறாள்.

பஞ்சு ஆபீஸ் காலையில் திறந்தால் விளக்கு வைத்த பிறகும் வெகுநேரம் திறந்திருக்கிறது. பூட்டும்போது வெளியே சங்கிலி போட்டுப் பூட்டுகிறார்கள். பகலில் காற்றடித்தால் ஆடாமலிருக்க இடது கதவுக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறது. வாசற்படிக் கல்லில், கீழ்த்தாழ்ப்பாள் இறங்க வேண்டிய இடத்தில், ஜெரோம் ஆசாரிப் பென்சிலால் போட்ட சின்ன வட்டம் இருக்கிறது. குழி இன்னும் எடுக்கவில்லை.